மெஷின் மாற்றிய முடிவு

அச்சகத்தில் அவளுக்கு மெஷின் என்று பெயர். வைத்தவர் முதலாளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜோசியப் புத்தகத்தையும் யாரோ ஒரு கட்சிக்காரரின் வாழ்க்கை வரலாற்றையும் மளமளவென்று கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தாள். இரண்டிலும் என்ன இருந்தது என்று பைண்டிங் பிரிவில் ஒருத்தி கேட்டபோது, "தெரியலையே, அடிச்சேன், அவ்வளவுதான்" என்றாள். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுதான் மெஷின்! உள்ள போறது அப்படியே வெளிய வரும், நடுவுல ஒண்ணும் தங்காது." அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள் மெஷின்தான். அவளுக்கும் அது பாராட்டாகவே பட்டது. அதுவரை அவளைப் பற்றி யாரும் பெருமையாக எதுவும் சொன்னதில்லை.

முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தாள். அண்ணன் வீட்டில் இருந்தாள். கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்து தட்டிப்போய், பிறகு அந்தப் பேச்சையே வீட்டில் விட்டுவிட்டார்கள். ஹாலில் ஒரு மடக்குக் கட்டில் அவளுக்கு. கடைசி ஆள் டிவியை அணைத்தால்தான் அதை விரிக்க முடியும். துணிமணி அண்ணியின் பொறுப்பு. மலிவாகக் கிடைத்தால் அண்ணி ஒரே துணியை மொத்தமாக வாங்கிவிடுவாள். ஒரு வருஷம் ஜன்னல் திரைக்கும் இவள் சட்டைக்கும் ஒரே பூ. "அத்தை, ஜன்னல்கிட்ட நிக்காதே, உன்னை எங்கேன்னு தேட வேண்டியிருக்கு" என்று அண்ணன் மகள் கேலி செய்வாள். எல்லாரும் சிரிப்பார்கள், இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

என்ன சாப்பிட வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், யாரோடு பேசலாம் என்பதெல்லாம் அவளைக் கேட்காமலே முடிவாகிவிடும். யாரும் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அதனால் அந்த வாழ்க்கைக்குக் குறை என்று சொல்லிக்கொள்ள அவளிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை.

இப்படி இருந்தபோதுதான் எழுத்தாளரம்மாவின் கைப்பிரதி வந்தது.

அந்த அம்மா ஊரறிந்த கோபக்காரி. ஒரு கமாவை எடுத்துவிட்டார் என்பதற்காகப் பழைய பதிப்பாளரோடு பேச்சை முறித்துக்கொண்டவர். அவர் படியேறும் சத்தம் கேட்டாலே முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய்விடுவார். தாள் கட்டை மேசைமேல் போட்டுவிட்டு, "என் எழுத்தை யாரும் திருத்த வேண்டாம். தப்புன்னு தோணினாலும் தொடக்கூடாது" என்றார். முதலாளி மெஷினைக் காட்டினார். "கவலையே வேண்டாம் மேடம். இவ கண்ணுல பட்டது கை வழியா போயிடும். மண்டைக்குப் போகாது."

எழுத்தாளரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ சரி" என்றார்.

அது ஒரு விபரீதமான நாட்டைப் பற்றிய நாவல். அந்த நாட்டில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஒரு முன்னவரை ஒதுக்கிவிடும். முன்னவர் இன்றைக்குச் செய்ததைப் பின்னவர் நாளைக்குச் செய்ய வேண்டும். முன்னவர் கஞ்சி குடித்தால் கஞ்சி, சண்டை போட்டால் சண்டை. முன்னவர் தும்மினால் மறுநாள் இவரும் தும்ம வேண்டும். அதற்காக ரேஷனில் மூக்குப்பொடி போடுவார்கள். முன்னவருக்கும் ஒரு முன்னவர் உண்டு. அந்த வரிசை எந்த ஆளிடம் தொடங்குகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

மூக்குப்பொடி இடத்தில் மெஷினுக்குச் சிரிப்பு வந்தது. அடித்துக்கொண்டிருக்கும்போது சிரிப்பு வந்தது அதுதான் முதல் தடவை. வாயைப் பொத்திக்கொண்டு மேலே அடித்தாள்.

கதையின் நாயகி ஒரு சலவைக்காரி. திடீரென்று அவளுடைய முன்னவள் செத்துப்போகிறாள். வேறு ஆளை ஒதுக்க வேண்டிய அலுவலகத்தில் கோப்பு எங்கோ மாட்டிக்கொள்கிறது. மறுநாள் காலையில் சலவைக்காரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருக்கிறாள். எந்தக் காலை முதலில் தரையில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மதியம் வரைக்கும் தெரியவில்லை.

மெஷினின் கை அங்கே நின்றுவிட்டது.

தடதடவென்று கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் அடங்கியதும் பைண்டிங் பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன, மெஷின் ரிப்பேரா?"

"ஒண்ணுமில்ல" என்றாள். ஆனால் அந்தக் கட்டில் விளிம்பு அவளுக்குத் தெரிந்த இடமாக இருந்தது.

அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கீழே போனதும், அடிக்க வேண்டிய பக்கத்தைத் தாண்டி மேலே படித்தாள். சலவைக்காரி முதலில் பயப்படுகிறாள். பசி தாங்காமல் எதையோ தின்கிறாள், அது தனக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டு திடுக்கிடுகிறாள். யாரும் நடக்காத ஒரு சந்தில் நடந்து பார்க்கிறாள். தனக்குப் பாட வராது என்பதைக்கூட அப்போதுதான் தெரிந்துகொள்கிறாள். படிக்கப் படிக்க மெஷினுக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத, நாள் முழுக்க அடங்காத எரிச்சல்.

வீட்டில் ஒரு நாள் அண்ணி, "நாளைக்கு அந்தப் பச்சையைப் போட்டுக்கோ" என்றாள்.

"எதுக்கு?"

அண்ணி கையிலிருந்த கரண்டியோடு திரும்பினாள். "எதுக்குன்னா என்ன அர்த்தம்? எடுத்து வெச்சிருக்கேன். போட்டுக்கோ."

பச்சையைத்தான் போட்டுக்கொண்டு போனாள். ஆனால் பொத்தான் போடும்போது ஒன்று கையோடு பிய்ந்து வந்தது.

நாவல் முடியும் இடத்துக்கு வந்தாள். அலுவலகத்தில் கோப்பு கிடைத்துவிடுகிறது. சலவைக்காரிக்குப் புது முன்னவளை ஒதுக்குகிறார்கள்: ஒரு கிழவி, ஒரு கால் ஊனம். கிழவி தெருவுக்கு வருவதைப் பார்த்ததும், ஓடலாமா என்று சலவைக்காரி யோசிக்கிறாள். மறுநாள் விடிகிறது. சலவைக்காரி தெருவில் இறங்கி, ஊனமில்லாத தன் காலை இழுத்து இழுத்து, நொண்டிக்கொண்டே வேலைக்குப் போகிறாள். 'அவளுக்கு நிம்மதியாக இருந்தது' என்று புத்தகம் முடிகிறது.

டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். வேறு ஒன்றும் இல்லை. "சீ" என்று வாய்விட்டே சொன்னாள்.

மதியத்துக்குமேல் உட்கார்ந்து அடித்தாள். கிழவி தெருவுக்கு வரும் இடம் வரை எழுத்து மாறாமல் அடித்தாள். அதற்கப்புறம் கைப்பிரதியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அவள் அடித்தது இது:

'கிழவி வலப்பக்கம் திரும்பினாள். சலவைக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இடப்பக்கம் திரும்பி நடந்தாள். அவள் கால்களில் ஒரு குறையும் இல்லை. போய்க்கொண்டே இருந்தாள்.'

பிரிண்ட் எடுத்து, மற்றப் பக்கங்களோடு சேர்த்து, முதலாளியின் மேசையில் வைத்தாள். வியர்த்துக் கொட்டியது. ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்காக ஒரு ஆளோடு சண்டை போட்டு உட்கார்ந்தாள்.

புரூஃப் பார்த்துவிட்டு எழுத்தாளரம்மா வந்தார். படிச் சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. முதலாளி சுவரோரம் போவதற்குள் அந்தக் கடைசிப் பக்கம் அவர் முகத்துக்கு நேரே நீண்டது.

"என்ன இது?"

முதலாளி படித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "மெஷின் தப்பு மேடம். சில சமயம் இந்த ஃபான்ட் மாத்தும்போது..."

"மெஷின் இப்படித் தப்பு பண்ணாது. இது ஆள் வேலை. எந்த ஆள்?"

மெஷின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நான்தான்."

"ஏன்?"

"அவ அப்படிப் போயிருக்க மாட்டா."

"ஓ. அவளை உனக்குத் தெரியுமோ?"

"உங்களைவிடத் தெரியும்."

பைண்டிங் பிரிவில் ஒட்டும் வேலை நின்றது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். எழுத்தாளரம்மா கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அது கத்தலைவிட மோசமாக இருந்தது.

"கேட்டுக்கோ. அந்தக் கடைசி வரிக்காகத்தான் மீதி அத்தனையும் எழுதினேன். படிக்கிறவன் புத்தகத்தை மூடிட்டு நிம்மதியா தூங்கக்கூடாது. நீ என்ன பண்ணிருக்க? அவனுக்குத் தாலாட்டு பாடியிருக்க. அவ தப்பிச்சுட்டா, போதும், நாம இருக்கிற இடத்துலயே கிடக்கலாம்னு புரண்டு படுப்பான்."

"எனக்குக் கோபம் வந்துச்சு" என்றாள் மெஷின். 

"வரட்டுமே. வரணும்னுதான் எழுதினேன். அதை எதுக்கு என் காகிதத்துல கொட்டின? உனக்கு வீடு இல்லையா? அங்க போய்க் காட்டறதுக்குத் துணிச்சல் இல்ல. நான் பாடுபட்டு உண்டாக்கின பொம்பளைக்குக் கால் குடுக்க வந்துட்ட. என்னை ஒரு வார்த்தை கேக்காம என் முடிவை நீ எடுத்த பாரு, அந்த நாட்டு அரசாங்கம் செய்யறதும் இதேதான். அதையாவது படிச்சியா, இல்ல அதுவும் மண்டைக்குப் போகலையா?"

 அந்த அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததாலேயே அவரைப் பிடித்துக் கீழே தள்ளலாம்போல் இருந்தது.

முதலாளி நடுவில் புகுந்தார். பக்கத்தைப் பழையபடி அடித்துக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் விஷயம் முடிந்தது என்றார். அவள் உட்கார்ந்தாள். 'அவளுக்கு நிம்மதியாக இருந்தது' என்பது வரை அடித்தாள். பிரிண்ட் எடுத்து எழுத்தாளரம்மாவின் கையிலேயே கொடுத்தாள்.

"பக்கத்தைச் சரி பண்ணிட்டேன். மன்னிப்பு வராது."

"யாருக்கு வேணும்?" என்றார் அந்த அம்மா.

முதலாளிக்கு வேண்டியிருந்தது. அவள் அசையவில்லை. "அப்போ நாளையிலிருந்து வராதே" என்றார்.

வீட்டில் சொன்னதும் அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தான். அவன் அப்படிச் செய்வது அபூர்வம்.

"அந்தம்மா எழுதினதை அடிக்கத்தானே உன்னை வெச்சிருந்தாங்க? நாளைக்குக் காலையில போறோம். நானும் வரேன். கால்ல விழுன்னா விழு."

"நான் வரல அண்ணா."

"வரலைன்னா? வீட்டுல சும்மா உக்காந்து என்ன பண்ணப்போற?"

"வீட்டுலயும் இருக்கப்போறதில்ல."

இதை அவள் யோசித்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே கேட்டது. அண்ணன் எழுந்து நின்றான். யாரோ ஆள் இருக்கிறான், அதுதான் இந்தத் திமிர் என்றான். ஆள் யாரும் இல்லை என்றாள். அப்படியென்றால் பைத்தியம் என்றான். அதுவரை கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்த அண்ணி, அண்ணனைவிட உரக்கக் கத்தினாள்.

"நான் மட்டும் என் இஷ்டத்துக்கா இருக்கேன் இந்த வீட்டுல? எந்திரிச்சதிலிருந்து படுக்கிற வரைக்கும் யாருக்குப் பிடிச்சதை நான் செய்யறேன்? என்னை யாராவது கேட்டீங்களா? இவளுக்கு மட்டும் என்ன தனியா முளைச்சிருக்கு?"

அண்ணன் அண்ணியை உள்ளே போகச் சொன்னான். அண்ணி போனாள். மறுநாள் காலையில் மெஷின் ஒரு பையோடு வெளியே வந்தபோது வழியனுப்ப யாரும் வரவில்லை. தடுக்கவும் வரவில்லை.

டயர் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "தனியா இருக்கிற பொம்பளைக்கு விட்டா என்னைத்தான் நாலு பேர் கேப்பாங்க. யாரும் வரக்கூடாது. சத்தம் கூடாது. பிடிக்கலைன்னா உடனே காலி பண்ணச் சொல்லுவேன்." அறையில் ரப்பர் எரிந்த வாடை எப்போதும் இருந்தது. பத்திரப்பதிவு அலுவலகத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் மனு அடித்துக் கொடுக்கும் வேலை. அந்தக் கடைக்காரன் முன்கோபி. வாடிக்கையாளர் முன்னாலேயே அவளை விரட்டுவான். இவளும் திருப்பிக் கத்தக் கற்றுக்கொண்டாள். மாலை வரை இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

விடுதலை என்றால் என்னவோ என்று நினைத்திருந்தாள். வந்து பார்த்தால் அதில் பாதி வெறும் திண்டாட்டம். கடையில் போர்வை வாங்கப் போனாள். கடைப்பையன்கள் அடுக்கடுக்காக எடுத்துப் போட்டார்கள். எது பிடித்திருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவள் எதை எடுக்கிறாள் என்று கண் தானாக அங்கே போனது. "எடுக்கிறீங்களா, வேடிக்கை பாக்கிறீங்களா?" என்று கல்லாவில் இருந்தவர் அதட்டினார். ஆத்திரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அறையில் விரித்தால் கண்ணைக் குத்தியது. நாலு நாளில் அதை வெறுத்தாள். ஆனாலும் அது அவளே செய்த தப்பு. திட்டுவதற்கு அண்ணி இல்லை. அதையே போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

ஜுரம் வந்தது ஒரு தடவை. தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் கிடந்தபோது, திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. போனால் மடக்குக் கட்டிலை விரித்துக் கொடுப்பார்கள், ஒருவேளை வெந்நீரும் வைத்துக் கொடுப்பார்கள். அங்கே எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எழுத்தாளரம்மா பொய் எழுதவில்லை என்று அன்றுதான் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதும் அந்த அம்மாமேல் கோபம் இன்னும் கூடியது.

நாவல் வெளியீட்டு விழா நோட்டீஸை யாரோ ஜெராக்ஸ் எடுக்க அவள் கடைக்கே கொண்டுவந்தார்கள். விழா அன்று கடைக்காரனிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். சின்ன மண்டபம். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மூன்று பேர் மாறி மாறிப் புகழ்ந்தார்கள். பிறகு எழுத்தாளரம்மா பேசினார். நடுவில் சிரிப்புக்காக ஒரு சம்பவம் சொன்னார்.

"இந்த நாவலை அடிச்ச பொண்ணு என் கதாநாயகியைக் காப்பாத்திட்டா! கடைசிப் பக்கத்துல கால் ரெண்டும் நல்லா இருக்கு, போயிட்டே இருந்தாள்னு எழுதிட்டா. விட்டிருந்தா கல்யாணமும் பண்ணி வெச்சிருப்பா."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மெஷினுக்குக் காது சூடேறியது. எழுந்து நின்றாள்.

"அது நான்தான். கல்யாணம்லாம் பண்ணி வெக்கல. எதுக்கு இல்லாததைச் சொல்றீங்க?"

தலைகள் திரும்பின. ஒருவர் "உக்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை. மேடையிலிருந்து எழுத்தாளரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீயா? அச்சகத்துல இல்லையாமே இப்போ."

"இல்ல. வீட்டுலயும் இல்ல. போய்க் காட்டச் சொன்னீங்க, காட்டிட்டேன். ஆனாலும் உங்க முடிவு எனக்குப் பிடிக்கல. எழுத வராது எனக்கு. அதுக்காகப் பிடிக்கலைன்னு சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம்" என்றார் அந்த அம்மா. "நீ எழுதினது மட்டமான எழுத்துன்னு நானும் சொல்லலாம்."

"சொல்லுங்க."

"மட்டம்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மண்டபத்தில் சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. மெஷின் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அதற்குப்பிறகு அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

யாரோ அதைப் போனில் படம் பிடித்திருந்தார்கள். அது சுற்றிச் சுற்றி அண்ணன் வீட்டுக்குப் போனது. ஒரு விடுமுறை நாள் மதியம் அண்ணி இடத்தை விசாரித்துக்கொண்டு தனியாகப் படியேறி வந்து நின்றாள். கதவைத் திறந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"சபையில எழுந்து கத்தினியாமே! உங்கண்ணன் தலைகாட்ட முடியாம உக்காந்திருக்காரு. இதுக்குத்தான் வெளிய வந்தியா? என்ன வாடை இது? இதுலயா இருக்க? இது என்ன போர்வை, கண்ணை அவிக்குது?"

"பிடிச்சுதான் வாங்கினேன்" என்று பொய் சொன்னாள்.

அண்ணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கயிற்றில் இரண்டு உடுப்பு. கீழே யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வாய் ஓய்ந்துபோயிருந்தது.

"இங்க யாரும் வரமாட்டாங்களா?" என்றாள்.

"வரமாட்டாங்க."

"கூப்பிட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அண்ணி காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். "கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் உடனே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் பையிலிருந்த போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. மெஷின் அதை எடுத்துச் சத்தத்தை அடக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். எழுப்பவில்லை.

வெயில் தாழ்ந்தபிறகு அண்ணி திடுக்கிட்டு எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள், போனைப் பார்த்தாள், "எழுப்ப மாட்டியா? அறிவில்ல?" என்று சீறினாள். படியிறங்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே போனாள். போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறை நாள் மதியமும் வந்தாள். அன்றைக்கும் திட்டிக்கொண்டேதான் படுத்தாள்.